இடுப்பு ஆணியும் டிரில் பீரியடும்

என் இடுப்பு முறிந்தது ஆண்டிபட்டிக் கணவாயில், ஒரு கரிப் பஸ்ஸுக்குப் பின்னால்.

அது சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையிலேயே வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். ஏற்றம் வந்தால் நின்றுவிடும். கணவாய்க்கு வந்ததும் கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்வார். பெண்கள் ஓரமாக நடப்பார்கள். ஆண்கள் பின்னால் போய்த் தள்ளுவார்கள்.

நான் ஓரமாக நடக்கவில்லை. எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. தேனியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். மதுரையில் ஒரு வாரம் டிரில் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். உடம்பில் அவ்வளவு தெம்பு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் போய்த் தோளைக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று தள்ளிய பருத்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் நிறைய வெற்றிலை.

பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. "விலகு, விலகு" என்று கத்தினார்கள். நான் விலகிவிட்டேன். அந்தப் பருத்த ஆளும் விலகினார், என் மேலேயே. ரோட்டோரக் கல்லுக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் என் வலது இடுப்பு மாட்டியது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி. அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு முழுவதும் என் கழுத்திலும் ரவிக்கையிலும் வழிந்தது. அவர் எழுந்ததும் முதலில் கேட்டது, "என் பை எங்கன? பையில நெய்யி இருக்கு." நெய்ப் பாத்திரம் உடையவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

இடுப்பு வலியை விட அந்த எச்சில் கழுத்தில் காய்ந்துகொண்டிருந்ததுதான் தேனி வந்து சேரும்வரை என்னை வதைத்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் இடுப்பில் மின்னல் வெட்டியது. பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். யாரிடமாவது "இதைத் துடைத்துவிடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணனுக்குத் தேனி கடைத்தெருவில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வெல்லம் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. அப்பா அம்மா போன பிறகு நான் அண்ணனோடும் மதினியோடும்தான் இருந்தேன். என்னைக் கதவுப் பலகையில் தூக்கி வந்து இறக்கியதும் அண்ணன் பயந்துபோனார். பயந்தால் அவருக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். அன்று சாயங்காலமே எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரை வண்டி வைத்துக் கூட்டி வந்துவிட்டார். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர் கையும் காலும் முறிந்தவர்களுக்கு நல்ல வைத்தியராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டுக்குள் ஒடிந்த எலும்புக்கு வெளியே கட்டுப் போட்டு என்ன ஆகும்? முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை அப்பி, துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கினார். "அசையாம கெடக்கணும் ஆத்தா. நாப்பது நாளு" என்றார்.

மூன்றாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. வெயில் காலம். ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார் மதினி. அப்படியும் சுவர் வழியாக வந்தன. கட்டுக்குள்ளே அவை ஊர்வது தெரியும், கை விட முடியாது. மதினி சாம்பிராணி போட்டார். அழுகின முட்டையும் சாம்பிராணியும் சேர்ந்தால் என்ன வாசம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது சாம்பிராணி போட்டால் நான் வெளியே போய்விடுவேன்.

ஒன்பதாம் நாள் மதினியால் தாங்க முடியவில்லை. அண்ணன் கடையில் இருந்த நேரம் பார்த்துத் துணி வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து வந்து கட்டை வெட்டினார். பாதி வெட்டியதும் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மீதியையும் வெட்டினார். தோல் கொப்பளித்து உரிந்து மாவோடு சேர்ந்து வந்தது. என் கால் என்னுடையதாகவே இல்லை. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடது காலை விட ஒரு கட்டை விரல் நீளம் குட்டையாக இருந்தது. நான் அதைப் பார்த்து "சீ" என்றேன். என் காலை நானே சீ என்று சொன்ன முதல் தடவை அது.

"உங்கண்ணன் வந்து என்ன சொன்னாலும் சரி, இனி இதக் கட்ட விடமாட்டேன்" என்றார் மதினி. அவரே ஆள் அனுப்பி எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரை வரவழைத்தார். பெரிய டீச்சர் மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி உள்ளே வந்தார், காலைப் பார்த்தார், வெளியே போனார். மறுநாள் காலையில் யாரிடமோ கேட்டு ஒரு கார் கொண்டுவந்து என்னை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. பின்னால் அவர் செய்ததையும் மறக்கவில்லை.

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை தனியாக, கழுத்து தனியாக. பிறகு ஒரு ஆணியைக் காட்டினார். விரல் நீளத்துக்கு மேல் இருக்கும். மூன்று பட்டையாக, பளபளவென்று இருந்தது. "இதை உள்ளே அடித்து இரண்டையும் சேர்த்துவிடுவேன். வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும்" என்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்தச் சாதாரணம் பிடித்திருந்தது. அதற்கு முன் என்னிடம் பேசிய எல்லோரும் அழுதுகொண்டே பேசினார்கள்.

மயக்க மருந்து தெளிந்ததும் வாந்தி. அதன் பிறகு படுக்கை. ஆறு வாரம். படுத்தபடியே சாப்பாடு, படுத்தபடியே மற்றதெல்லாம். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி அதற்கென்று இருக்கிற தட்டை அடியில் வைப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நாலு நாள் அடக்கி வைத்தேன். ஐந்தாம் நாள் வயிறு ஊதி, எனிமா கொடுத்து, அது இன்னும் பெரிய கூத்தாகிவிட்டது. நான் எட்டாம் வகுப்புப் பெண்களிடம் உடல் சுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறவள். நகத்தில் அழுக்கிருந்தால் வரிசையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். அந்த நான்தான் அந்தத் தட்டின் மேல் கிடந்தேன்.

அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தார். என் வயதுதான். எங்கள் தேனி கம்பம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் புதிதில்லை, அதனால் அவர் பேச்சு எனக்கு எளிதாகவே விளங்கியது. ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்தில் அவர் வந்து போர்வையை விலக்கி, "கால் விரலை அனக்கு" என்றார். அசைத்தேன். "இனி தொடையை முறுக்கு. பத்து தடவை." முறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. தொடை தொங்கிக் கிடந்தது.

"வரலையே" என்றேன்.

"வரும். நாளைக்கும் முறுக்கு."

மூன்றாம் வாரம், "இனி காலைப் பொக்கு" என்றார். தூக்கு என்பதற்கு அவர் பாஷையில் பொக்கு. முந்தின மாதம் நான் இருநூறு பெண்களுக்கு முன்னால் நின்று காலை இடுப்பு உயரத்துக்கு வீசிக் காட்டியவள். இப்போது குதிகாலைப் படுக்கையிலிருந்து ஒரு விரல்கடை எழுப்ப முடியவில்லை. வியர்த்தது. கண்ணில் நீர் வந்தது. தொடையைப் பார்த்தேன். சதை வற்றி, தோல் தொளதொளத்து, உரித்த கோழியின் கால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நடுவில் தையல் போட்ட கோடு, சிவப்பாக, சாக்கைத் தைத்த மாதிரி.

"எனக்கு இதப் பாக்கவே அருவருப்பா இருக்கு" என்றேன்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பார்க்கண்டா. பொக்கினால் மதி" என்றார். பார்க்க வேண்டாம், தூக்கினால் போதும். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதன்படிதான் செய்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன்.

கக்கத்தில் இரண்டு கட்டையோடு வீட்டுக்கு வந்தேன். வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது, நாலு மாதம் என்று உத்தரவு. படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் செய்ய வேண்டியவற்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கவாட்டில் படுத்துக் காலை மேலே தூக்குவது. நின்றபடி முன்னும் பின்னும் வீசுவது. நாள் ஆக ஆகக் கணுக்காலில் கனம் கட்டித் தூக்குவது. காலையும் மாலையும்.

வீட்டில் எங்கே செய்வது? முன் அறையில் அண்ணனைப் பார்க்க வியாபாரிகள் வந்து போவார்கள். அடுப்படியில் இடமில்லை. ஒரு பெண் கீழே படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவதை யாராவது பார்த்துவிடக் கூடாது என்று அண்ணன் தவித்தார். "பாக்க நல்லாவா இருக்கும்? கதவச் சாத்திக்கிட்டுக் கிட்டங்கில செய்யி" என்றார். கிட்டங்கி என்றால் கடைச் சரக்கு அடுக்குகிற அறை. ஜன்னல் கிடையாது. புண்ணாக்கு மூட்டையின் சிக்கு வாடை, எலிப் புழுக்கை, மூட்டைக்கடியில் பூச்சி. சாக்கை விரித்து அதில் படுத்து நான் காலைத் தூக்கினேன். வியர்வையில் பருத்திக்கொட்டைப் பஞ்சு முதுகெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் எண்ணிக்கை பதினேழில் இருந்தபோது ஒரு எலி என் வயிற்றின் மேல் ஏறி இறங்கிப் போனது. காலை இறக்காமல் பதினெட்டு என்றேன்.

கனம் கட்டச் சொன்ன வாரம், கடையிலிருந்து அரை வீசைப் படிக்கல்லை எடுத்துத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் கல்லைத் தேடிக்கொண்டு கிட்டங்கிக்குள் வந்துவிட்டார்.

"கால்ல கட்டுன கல்லு வச்சா வெல்லம் நிறுக்கச் சொல்ற? ஊருல தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

"கழுவித்தாண்ணே வைக்கிறேன்."

"சீ, குடு" என்றார். நான் அவிழ்க்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கல்லை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். செத்த எலியை வாலைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்காக எவ்வளவோ அலைந்தவர். ஆனால் அந்த இரண்டு விரலை நான் பார்த்துவிட்டேன்.

மதினி பழைய தலையணை உறையில் மணலை நிரப்பித் தைத்துக் கொடுத்தார்.

இதற்கு நடுவே பார்க்க வருகிறவர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற சபையிலிருந்து பெண்கள் இரண்டு மூன்று பேராக வருவார்கள். ஜெபம் பண்ணுவார்கள். முறுக்குச் சாப்பிடுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆணி தட்டுப்படுமாமே?" என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு கை சேலைக்கு மேலாக என் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும். முறுக்கு எண்ணெய் போகாத கை. ஒரு அம்மா அமுக்கியே பார்த்தார். இன்னொரு அம்மா, மழையில் நனைந்தால் உள்ளே துருப்பிடிக்காதா என்று உண்மையான கவலையோடு கேட்டார். "இடி மின்னல் நேரத்துல வெளிய போயிராத ஆத்தா, இரும்ப இழுக்கும்" என்றார் மற்றொருவர். அவர்கள் போனதும் நான் மதினியிடம் வெந்நீர் கேட்டு அந்த இடத்தைத் துடைத்துக்கொள்வேன்.

கட்டைகளை விட்டுவிட்டு ஒரு கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தபோது, பெரிய டீச்சர் வந்தார். டிரில் வேலைக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டாகிவிட்டதாகச் சொன்னார். "உனக்குத் தையல் வகுப்புத் தர்றேன். உக்காந்தே செய்யலாம். இனிமே டிரில்லுங்கிறது..." என்று இழுத்துவிட்டு என் தடியைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கவே பொறுமை இல்லாதவள். அது அவருக்கும் தெரியும். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த மாதம்தான் அண்ணன் அந்த மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்.

போடியில் ஏலக்காய் வியாபாரம். மனைவி இறந்து இரண்டு வருஷம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, உடம்பெல்லாம் ஏலக்காய் மணம். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம், "ஒரு தடவ நடக்கச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். அவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, தலையைச் சாய்த்து, சேலைக் கரைக்குக் கீழே என் பாதங்களையே பார்த்தார். மாட்டுத் தாவணிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் அப்படித்தான் குனிந்து பார்ப்பார்கள்.

"திரும்பி நடக்கச் சொல்லுங்க."

திரும்பியும் நடந்தேன்.

"லேசாத்தான் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கீழ சம்மணம் போட்டு உக்காந்து எந்திரிக்க முடியுமா? அடுப்பு வேலை இருக்குல்ல" என்றார்.

மதினி அடுப்படி வாசலிலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அதுவரை தரையில் உட்கார்ந்ததே இல்லை. இடுப்பு பாதி வழியில் பூட்டிக்கொண்டது. மீதித் தூரம் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வலது காலை மடக்க முடியவில்லை, அது நீட்டிக்கொண்டு அவர் செருப்பு வரை போனது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுவர்வரை போய், சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன். சேலை இடுப்பில் அவிழ்ந்து வந்திருந்தது. அவர் மீதிக் காப்பியைக் குடித்தார்.

அவர் போன பிறகு மதினி என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, "அவரு கேட்டா நீ ஏன் உக்காந்த? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

"பாஸாகணும்னு நெனச்சேன் மதினி."

சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டு அடுப்பு எனக்குத் தேவையில்லை. ஆனால் அவர் குனிந்து பார்த்தபோது என் பாதத்தை நேராக வைக்கப் பாடுபட்டேன். லேசாத்தான் இருக்கு என்றபோது என் உள்ளே ஏதோ ஒன்று மகிழ்ந்தது. வெற்றிலை எச்சில், அழுகிய முட்டை, எலி, முறுக்கெண்ணெய்க் கை, எல்லாவற்றையும் விட அந்த மகிழ்ச்சிதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. இதை எழுதும்போதும் குமட்டுகிறது.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து தகவல் வந்தது. குறையோடு ஏற்றுக்கொள்ளத் தயார் என்று. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். நான் முடியாது என்றேன். "ஒனக்கென்ன இன்னும் பத்துப் பேரா வரிசையில நிக்கிறாக?" என்று கத்தினார். அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. கிட்டங்கிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் தூக்கினேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்த மாதத்திலிருந்து தரையில் உட்கார்ந்து எழுவதை ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொண்டேன். முதலில் இரண்டு மூட்டை உயரத்தில் உட்கார்ந்து எழுவது. பிறகு ஒரு மூட்டை. பிறகு மணைப்பலகை. ஒவ்வொன்றுக்கும் பல வாரம் ஆனது. தண்ணீருக்குள் நடந்தால் கால் பலப்படும் என்று டாக்டர் எழுதியிருந்ததால், காலையில் மதினியோடு கொட்டகுடி ஆற்றுக்குப் போவேன். இடுப்பளவு தண்ணீரில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடப்பேன். ஆறு அழகாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். மேலே எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். சாணம் கரைந்து மிதந்து வந்து என் வயிற்றில் தட்டும். துவைக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு, "என்னத்தா தேடுற, மோதிரமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பல மாதம் தேடினேன். அவர்களில் ஒருத்தி எனக்காக உண்மையிலேயே முங்கி முங்கித் தேடினாள் என்று பின்னால் தெரிந்தபோதுதான் வெட்கப்பட்டு உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். அது நியாயமான திட்டு.

தொடையில் சதை வந்தது. பழைய அளவு இல்லை, ஆனால் வந்தது. தடி போயிற்று. வலது கால் அரை அங்குலம் குட்டை. அதை எந்தப் பயிற்சியும் நீட்டாது. நடந்தால் ஒரு பக்கம் இறங்கி ஏறுவேன்.

தையல் வகுப்பில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக மைதானம் தெரியும். புது டிரில் டீச்சர் வேப்ப மரத்து நிழலை விட்டு வெளியே வரவே மாட்டார். அங்கிருந்தே விசில் ஊதுவார். பெண்கள் கையை அரைகுறையாகத் தூக்கி இறக்குவார்கள். பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கைக்குட்டை ஓரத்தை நானே மூன்று தடவை கோணலாகத் தைத்துப் பிரித்திருக்கிறேன்.

அந்த டிரில் டீச்சர் கல்யாணமாகித் திண்டுக்கல் பக்கம் போனார். அன்றைக்கே நான் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

"டிரில் பீரியட எனக்குக் குடுங்க."

அவர் பேனாவை வைத்தார். "யோசிச்சுப் பேசு. நொண்டுற ஒருத்தி டிரில் நடத்துனா ஊரு சிரிக்காதா?"

அவர் மேஜைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கை ஊன்றாமல் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன். ஐந்தாவது தடவை அவர், "போதும், போதும், எந்திரி. யாராவது வந்துரப் போறாக" என்றார். முகத்தில் அருவருப்பு தெரிந்தது. என்னைப் பார்த்தா, தன் வார்த்தையை நினைத்தா, எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பை மட்டும் பரீட்சையாக எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

முப்பது பெண்கள். எட்டு வயது. அவர்களுக்கு என் பழைய நடை தெரியாது, நான் தையல் டீச்சர். முதல் வாரம் வரிசையாக நிற்கவும் வலம் இடம் திரும்பவும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் வாரம் அணிவகுப்பு. "என் பின்னால, நான் எப்படிப் போறேனோ அப்படியே வாங்க" என்று சொல்லிவிட்டு, மைதானத்தின் குறுக்கே நேராக நிமிர்ந்து, கையை வீசி நடந்தேன். பின்னால் அறுபது பாதங்கள் ஒரே சீராக விழுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைதானக் கோடியில் திரும்பிப் பார்த்தேன்.

முப்பது பேரும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வலது பாதம் வைக்கும்போது தோள் இறங்கி, இடது பாதத்தில் ஏறி, எல்லோரும் ஒரே மாதிரி. ஒரு முகத்தில்கூடக் கேலி இல்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாக, அவ்வளவு ஒழுங்காக. அதுதான் அணிவகுப்பு நடை என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்த நடையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெரிய கண்ணாடி எங்கள் வீட்டில் கிடையாது. அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அது முப்பது தடவையாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. "நில்" என்று கத்தினேன். நின்றார்கள்.

முதல் வரிசையில் ஒரு பெண் மூச்சிரைத்தபடி, "சரியா வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளை அடிக்கக் கை போனது. அவள் கண்ணைப் பார்த்துக் கை இறங்கியது.

"பிசகாம வந்தீங்க. ஆனா அது என் நடை" என்றேன். "என் காலுல ஆணி இருக்கு. அதனால நான் அப்படி நடக்குறேன். உங்க காலுல ஆணி இல்ல. நீங்க நேரா நடக்கணும்."

"ஆணியா? எங்கன டீச்சர்?"

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் தொடவில்லை. ஒருத்தி வலிக்குமா என்று கேட்டாள். குளிர் காலத்தில் வலிக்கும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வரிசைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் அணிவகுப்பை முன்னால் நடந்து காட்டவில்லை. மைதானத்தின் நடுவில் நின்று கை தட்டினேன். அவர்கள் என்னைச் சுற்றி நடந்தார்கள். நொண்டலை மறக்கடிக்க ஒரு மாதம் பிடித்தது. ஒருத்தி மட்டும் கடைசிவரை லேசாகச் சாய்ந்தே நடந்தாள். அவளை வரிசையின் பின்னால் போட்டுவைத்தேன். வருஷக் கடைசியில் பெரிய டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தையல் வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. ஊர் சிரித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விசில் சத்தத்தில் கேட்டிருக்காது.